பாலத்துக்கு இந்தப் பக்கம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பதினான்கு வருடம் தனியார் பஸ் ஓட்டினேன். ஒரு நாளைக்கு ஆறு நடை. மூன்று போக, மூன்று வர. முதுநகர் தாண்டி, குடிகாட்டில் ரசாயன ஆலைகளின் வாடை வந்ததும் பயணிகள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். அதிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று எந்த ஊரில் எந்த நாய் குறுக்கே ஓடும் என்பது வரை எனக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

முதல் தடவை அது வந்தது ஒரு மத்தியான நடையில். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலத்தில் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மரத்துப்போயின. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாத என்ஜின் உதறுமே, அப்படி உடம்பு முழுக்க ஓர் உதறல். பாலத்தின் கைப்பிடிச் சுவர் என் பக்கமாகச் சாய்ந்து வருவதுபோல் இருந்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் உள்ளே போயிற்று. இதுதான் மாரடைப்பு, செத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் விழப்போகிறேன் என்று நினைத்தேன்.

பஸ் எப்படியோ பாலத்தைத் தாண்டியது. ஓரங்கட்டி நிறுத்தினேன். கண்டக்டர் என் மனைவியின் தம்பி. பின்படிக்கட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தான்.

"இன்னா மாமா, எதுக்கு நிறுத்திட்ட?"

"ஒண்ணுக்குப் போவணும்டா மச்சான்" என்றேன்.

நான் சொன்ன முதல் பொய் அது. பிறகு நிறையச் சொன்னேன்.

அந்த நடையை முடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று அவனிடம் சொல்லி, சிதம்பரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சில் பசை தடவி ஈசிஜி எடுத்தார்கள். அதற்குள் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல. ஹார்ட் நார்மல். கேஸா இருக்கும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. கேஸுக்கு என்ன பெரிதாகச் சொல்வது?

மூன்றாம் நாள் அதே பாலத்தில் மறுபடி வந்தது. அதற்கப்புறம் பயம் பாலத்தில் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் ஓர் ஊர் பின்னால் நகர்ந்து வந்தது. முதலில் முட்லூரில் கை வியர்த்தது. அப்புறம் புதுச்சத்திரத்தில். அப்புறம் ஆலப்பாக்கம். கடைசியில் காலையில் பல் துலக்கும்போதே, இன்றைக்கு ஆறு தடவை அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்ற கணக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வரும் நடையிலும் அதே கதைதான். சிதம்பரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன், இரண்டு வாய் இறங்காது. மீதியைப் பஸ் ஸ்டாண்டு நாய்க்குப் போட்டுவிட்டுக் காலி டப்பாவோடு வீட்டுக்குப் போவேன்.

எனக்கு நானே பல வித்தை செய்து பார்த்தேன். பாலம் வருவதற்கு முன் எலுமிச்சம்பழத் துண்டைக் கடித்து நாக்கில் வைத்துக்கொள்வேன். ஐஸ் போட்ட தண்ணீர் பாட்டிலைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொள்வேன். பாட்டைச் சத்தமாக வைப்பேன். முன் சீட்டில் யாராவது பெரியம்மா உட்கார்ந்திருந்தால் வலியப் பேச்சுக் கொடுப்பேன். "எந்த ஊரும்மா, பொண்ணு வீட்டுக்கா, மாப்ள இன்னா பண்றாரு?" அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாலம் போய்விடும். என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், சோடா எல்லாம் குடித்தாயிற்று. வேறு வேறு ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று ஈசிஜி எடுத்தேன். மூன்றிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் கூடியது. ஒன்றும் இல்லாததற்கு எங்கே போய் மருந்து கேட்பது?

இதை எழுதும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான்கு மாதம் இந்த உடம்பை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன். நின்றபடியும் தொங்கியபடியும் நூறு பேர் வரும் காலை நடையையும் ஓட்டினேன். அந்த நூறு பேரில் என் மகளும் ஒருத்தி. சிதம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். என் வண்டியிலேயே தினமும் வருவாள், பெண்கள் பக்கம் மூன்றாவது சீட்டு. கண்ணாடியில் அவள் முகம் தெரியும். அதைப் பார்த்த பிறகும் பாலத்தில் ஏற்றினேன். வேலை போய்விடும், டிரைவர் பயப்படுகிறான் என்று தெரிந்தால் இந்த ரூட்டில் இல்லை, எந்த ரூட்டிலும் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார்கள் என்ற நினைப்பு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

ஆனித் திருமஞ்சன நாள். கோயிலுக்குப் போகும் கூட்டமும் கல்லூரிக் கூட்டமும் சேர்ந்து வண்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. குடிகாடு தாண்டும்போதே கை மரத்துவிட்டது. எலுமிச்சை, ஐஸ், பாட்டு எதுவும் எடுபடவில்லை. முட்லூர் தாண்டியதும் எதிரே பாலம் தெரிந்தது. கண்ணாடியில் மகள் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். என் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழுந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது.

"யோவ் டிரைவரு, இன்னாய்யா ஆச்சு?"

"எக்ஸாமுக்கு டைம் ஆவுதுண்ணே, எடுங்கண்ணே."

கண்டக்டர் மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். "மாமா, பஞ்சரா?"

"இல்லடா. என்னால பாலத்தத் தாண்ட முடியல. பயமா இருக்குது."

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவன் என் முகத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பயமா? இன்னா மாமா சொல்ற? பாலத்துக்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன் சீட்டில் இருந்த ஒருவர் எட்டி என் கையைப் பார்த்தார். ஸ்டியரிங் மேல் இருந்த கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"தண்ணி போட்டிருக்கான்யா! கையப் பாரு, எப்பிடி உதறுது! காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்!"

அவ்வளவுதான். போன்கள் எல்லாம் உயர்ந்தன. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் என் மகள் எழுந்து நின்றாள்.

"அவரு எங்கப்பா. எங்கப்பா குடிக்க மாட்டாரு."

போன்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கணத்தை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. எழுந்து போய் அவளை மறைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். என் கால் எழவில்லை.

யாரோ போன் செய்ததில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். குழாயில் ஊதச் சொன்னார். மூச்சே இல்லாமல் எப்படி ஊதுவது? மூன்றாவது தடவைதான் ஊத முடிந்தது. பூஜ்யம் என்று காட்டியது. அவர் கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"குடிக்கலன்னா அப்புறம் இன்னாத்துக்குய்யா நடுங்குற?"

பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மகளும் அவர்களோடு ஏறிப் போனாள், என்னைப் பார்க்கவில்லை. முதலாளியின் இன்னொரு டிரைவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் முட்லூர் வரை வெயிலில் நடந்து திரும்பினேன்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. குடிபோதையில் பஸ்ஸை நடுவழியில் நிறுத்திய டிரைவர் என்று எழுதியிருந்தார்கள். நான் ஊதிக் காட்டியதை யாரும் படம் எடுக்கவில்லை. நான்கு மாதம் தப்பாக ஓட்டினேன், யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு நாள் நிறுத்தினேன், அதற்குத்தான் தண்டனை. முதலாளி போனில் மரியாதையாகத்தான் பேசினார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா, நானே கூப்புடுறேன்." அவர் கூப்பிட மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

அன்றிரவுதான் நான்கு மாதக் கதையையும் வீட்டில் சொன்னேன். மகள் பத்து நாள் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரே அறையில் இருந்தாலும் என்னிடம் பேசவில்லை. பதினோராம் நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"நாலு மாசமா உனக்கு இப்பிடி இருக்குதுன்னு அம்மாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நான் அந்த வண்டிலதானப்பா வந்துனு இருந்தேன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் ஏறவில்லை. முதுநகர் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடித்தாள்.

என் மனைவி சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிறாள். அதிகம் பேசாதவள். அவளுடைய சொந்த ஊர் காடாம்புலியூர். "கொஞ்ச நாள் எங்க வூட்ல வந்து இருங்க, இங்க இருந்தா எல்லாம் கேட்டுக்கினே இருப்பாங்க" என்று, மகளைக் கடலூரிலேயே தம்பி வீட்டில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பண்ருட்டியில் பஸ் மாறும்போது பலாப்பழ லாரிகள் நிற்கும் சந்தில் என்னால் நிற்க முடியவில்லை. அத்தனை ஹாரன், அத்தனை பேர். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தைந்து வயது ஆள், நடுத்தெருவில்.

காடாம்புலியூரில் மாமியார், பாலத்தில் ஏதோ அடித்துவிட்டது என்று முடிவு செய்திருந்தார். வேப்பிலை அடித்தார்கள். கையில் கயிறு கட்டினார்கள். பக்கத்து வீட்டு பாய் தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையாகவே எல்லாவற்றையும் நம்பினேன். கயிறு கட்டிய அன்று ஒரு மணி நேரம் நெஞ்சு அமைதியாக இருந்தது, சரியாகிவிட்டது என்று அழுதேன். அப்புறம் குளிக்கும்போது திரும்ப வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவில் என் இதயத் துடிப்பு காதில் கேட்டது. சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஈரத்தோடு வெளியே ஓடி வந்தேன்.

மூன்று வாரத்தில் என் உலகம் ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பால் வாங்கத் தெருமுனைக்குப் போக முடியாது. ஆட்டோவில் உட்கார முடியாது. தனியாக இருக்க முடியாது, கூட்டத்திலும் இருக்க முடியாது. படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று காவல் இருப்பேன். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் இருந்த முந்திரித் தோப்பில் உட்கார்ந்திருந்தபோது, நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்ற நினைப்பு வந்தது. அது பயமாகக்கூட இல்லை. அதுதான் கொடுமை. அந்த நினைப்பு மட்டும் குளிர்ச்சியாக இருந்தது.

என்னைத் தேடி வந்த மனைவியிடம் அதை அப்படியே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கலாம். அவள் என் எதிரே வந்து நின்றாள்.

"நீ போயிட்டா நாங்க நிம்மதியா இருப்போம்னு யாரு உனக்கு சொன்னது? என்னைக் கேட்டியா நீ? அந்தப் பொண்ண கேட்டியா?"

இருபத்தொரு வருடத்தில் அன்றுதான் அவள் என்னை நீ என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை மச்சான் வந்தான். கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். மனநலப் பிரிவு என்று பலகை போட்டிருந்தது. அதன் கீழே நிற்க எனக்கு உடம்பு கூசியது. மெதுவாக நகர்ந்து பக்கத்து வரிசையில் போய் நின்றுகொண்டேன். மச்சான் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, அது கண்ணு டாக்டரு ரூமு."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் இங்க இன்னா பண்ற?"

"தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா..."

"வீடியோவ ஊரே பாத்துடுச்சு மாமா. இனிமே பாக்கறதுக்கு இன்னா கீது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே போய்ப் பலகையின் கீழே நின்றேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வெளியே வரிசை நீளமாக இருந்தும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது ஹார்ட் இல்ல. கேஸும் இல்ல. ஆனா ஒண்ணும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வர்றது பேனிக் அட்டாக். இது ஒரு நோய்தான். மருந்து இருக்கு."

ஒன்று இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டதும் நான் மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

"எதனால மேடம் வந்துச்சு? அந்தப் பாலத்துல எனக்கு ஒண்ணுமே நடந்ததில்லையே?"

என் வேலையைப் பற்றிக் கேட்டார். இரண்டு நிமிஷம் தாமதமானால் பின்னால் வரும் வண்டி கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவது, விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது, அந்த வருடம் என் அப்பா இறந்த மூன்றாம் நாளே டியூட்டிக்குப் போனது எல்லாம் சொன்னேன். "ஒரே காரணம்தான் இருக்கணும்னு இல்லங்க" என்றார். அப்புறம், "இதோட எவ்வளவு நாள் பஸ் ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"நாலு மாசம் மேடம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "கடைசியா நிறுத்தினீங்க பாருங்க, அது சரி" என்று மட்டும் சொன்னார். தோப்பில் வந்த நினைப்பைப் பற்றி மனைவி சொன்னாள். அதை நிதானமாக விசாரித்துவிட்டு, மறுபடி அப்படித் தோன்றினால் அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எங்கள் மூவரிடமும் உறுதி வாங்கிக்கொண்டார்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. முதல் இரண்டு வாரம் படபடப்பு இன்னும் ஜாஸ்திதான் ஆயிற்று. விட்டுவிடலாம் என்று இருந்தேன். மனைவிதான் தினமும் கையில் வைத்து, விழுங்கும் வரை எதிரில் நின்றாள். ஒரு மாதம் கழித்துத் தூக்கம் வந்தது. அப்புறம் டாக்டர் பாலத்துக்குப் போகச் சொன்னார். வண்டியில் இல்லை, நடந்து. கொஞ்சம் கொஞ்சமாக. பயம் வந்தால் திரும்பி ஓடக் கூடாது, அது இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் முட்லூர் வரை பஸ்ஸில் போய் இறங்கி நடப்போம். முதல் ஞாயிறு பாலம் கண்ணில் பட்ட இடத்தோடு சரி. இரண்டாவது ஞாயிறு பாலத்தின் தொடக்கத்தில் கை வைத்துவிட்டு வந்தேன். நான்காவது ஞாயிறு முப்பது அடி போயிருப்பேன். ஒரு மணல் லாரி பக்கத்தில் போயிற்று. பாலம் அதிர்ந்தது. நான் கைப்பிடிச் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, முன்னால போலாமா, திரும்பிடலாமா?"

"ரெண்டும் முடியல."

"அப்ப நிப்போம்" என்றாள்.

குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "இன்னாம்மா, மயக்கமா?" என்று கேட்டார். "இல்லண்ணே, சும்மா நிக்கறோம்" என்றாள். ஒரு மணி நேரம் இருக்கும். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. சாகப்போகிறேன் என்று மூன்று தடவை உறுதியாகத் தெரிந்தது. மூன்று தடவையும் சாகவில்லை. மெல்ல மெல்லக் கை விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. கீழே ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இருவர் வலை வீசிக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அன்றைக்கும் பாலத்தைத் தாண்டவில்லை. திரும்பி நடந்தோம். ஆனால் ஓடவில்லை.

முழுப் பாலத்தையும் நடந்து தாண்ட மேலும் பல ஞாயிறுகள் ஆயின. பஸ்ஸில் உட்கார்ந்து தாண்ட அதற்கு மேல் இரண்டு மாதம். நானே போய்க் கேட்டதில், இப்போது அதே முதலாளியின் மூன்று வண்டிகளுக்குப் பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்க்கும் வேலை. ஒரு தடவை அவரே, "நல்லா ஆயிட்டல்ல, மறுபடி ஓட்டுறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். கை ஸ்டியரிங்குக்கு ஏங்குகிறது, அது வேறு விஷயம். மாத்திரை தொடர்கிறது. சில நாள் ஒன்றும் வராது. சில நாள் எந்தக் காரணமும் இல்லாமல், டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். க்ளாஸைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்தில் நிற்பேன்.

போன வாரம் ரயில் ரத்தாகிவிட்டது. மகளுக்குப் பரீட்சை. எனக்கும் சிதம்பரத்தில் ஒரு வேலை இருந்தது. வேறு வழியில்லாமல் என்னோடு பஸ்ஸில் வந்தாள். இருவர் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முட்லூர் வரை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"இப்பவும் வருதாப்பா?"

"வருது."

"எவ்ளோ?"

"இன்னிக்கு ஜாஸ்தியா இருக்குது."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் முடியும் வரை ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி ஸ்டாப்பில், "சாப்புட்டுட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சாயங்காலம் ரயில் ஓடியது. அவள் ரயிலிலேயே வந்துவிட்டாள்.